எவர்சில்வரில் ஈயம் பிடிக்க வைப்பது

முதலில் செய்த ஜாயின்ட் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. 15 மி.மீ. செம்புக் குழாய், அதன்மேல் ஒரு எவர்சில்வர் ஃபிட்டிங், இரண்டும் சேரும் இடத்தில் மோதிரம் போட்ட மாதிரி சுற்றிலும் பளபளவென்று சால்டர், அதாவது உருக்கி ஒட்டும் உலோகம். அரை மணி நேரம் ஆறவிட்டு, மரையில் வாஷரைப் போட்டு நட்டை இறுக்கினேன். இறுகி வரும் நேரத்தில் டக்கென்று ஒரு சத்தம், குழாய் கையோடு வந்துவிட்டது. ஃபிட்டிங்கின் உட்புறத்தைப் பார்த்தால், பெட்டியிலிருந்து எடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே மின்னுகிறது. ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை. சால்டர் மொத்தமும் செம்போடு போய்விட்டது. அந்தச் சால்டர் வளையத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஃபிட்டிங்கைக் கடைசல் பிடித்தபோது விழுந்த மெல்லிய கோடுகள் எல்லாம் அதில் அச்செடுத்த மாதிரி பதிந்திருந்தன. அதாவது சால்டர் ஒழுங்காக உருகியிருக்கிறது, ஓடியிருக்கிறது, ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் போய் நிறைந்திருக்கிறது. ஒட்ட மட்டும் இல்லை.

அந்த அச்சை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். செம்பையும் எவர்சில்வரையும் பற்றவைக்கும் வேலை, இரண்டையும் சேர்த்து வைத்து கேஸ் டார்ச்சின் நெருப்பைக் காட்டும் நேரத்தில் நடப்பதில்லை. அதற்கு முன்பே, எவர்சில்வரைத் தனியாக வைத்து அதன்மேல் ஈயம் பூசி முடிக்கும்போதே நடந்துவிடுகிறது. ஈயம் பூசுவது என்று நான் சொல்வது சால்டரையே மெல்லிய பூச்சாகப் பரப்புவதை, காரீயத்தை இல்லை. இதைத்தான் இந்தப் பதிவில் விளக்கமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் செம்புக் குழாய் வேலை நன்றாகத் தெரிந்தவர்கள்கூட இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். செம்பு எதையும் மன்னித்துவிடும். எவர்சில்வர் மன்னிக்காது.

என்ன செய்வதற்காக இதெல்லாம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் தண்ணீரையும், பூ, இலைகளின் வாசனை நீரையும் எண்ணெயையும் வடித்தெடுக்க ஒரு சின்ன வாலை. வாலை என்றால் காய்ச்சி வடிக்கும் கலம். தமிழில் இருக்கும் நல்ல பழைய சொல், நான் அதையே பயன்படுத்துகிறேன். மது வடிப்பது உரிமம் இல்லாமல் பல நாடுகளில் குற்றம். நியூசிலாந்து போல 1996 முதல் சொந்த உபயோகத்துக்கு அனுமதித்த நாடுகள் குறைவு. அவரவர் நாட்டுச் சட்டத்தை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். எதை வடித்தாலும் ஜாயின்ட் ஒன்றுதான்.

அடியில் கொதிக்கும் பாத்திரம் எவர்சில்வர், மேலே ஆவி போகும் குழாயும் குளிர்விக்கும் சுருளும் செம்பு. பெரும்பாலானவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள், காரணமும் சரியானதுதான். செம்பு வெப்பத்தைக் கடத்துவதில் எவர்சில்வரைவிடச் சுமார் 25 மடங்கு மேல், அதனால் ஆவி சீக்கிரம் குளிர்ந்து நீராகிறது. ஆவியில் வரும் கந்தக நாற்றத்தையும் செம்பு பிடித்து வைத்துக்கொள்ளும். எவர்சில்வர் பாத்திரமோ தேய்க்கத் தேய்க்கத் தேயாது, லேசான அமிலத்துக்கு அசையாது, மரை வைத்த ஃபிட்டிங்குகளும் கிளாம்ப் போட்டு மூடும் வகைகளும் அதில்தான் எளிதாகக் கிடைக்கும். ஆக எங்கோ ஓரிடத்தில் இரண்டும் கைகோத்துத்தான் ஆக வேண்டும்.

இதில் நமக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. சூடானால் செம்பும் 304 ரக எவர்சில்வரும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் விரிகின்றன. ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் இரண்டுமே ஏறக்குறைய 17 மைக்ரான். சாதாரண இரும்பு 12தான். கொதித்து ஆறி, கொதித்து ஆறி, நூறு தடவை போனாலும் ஒன்றை ஒன்று பிய்த்துக்கொள்ளாது. ஒட்டவைக்க முடிந்தால் போதும், அப்புறம் அது நிற்கும்.

சரி, ஏன் ஒட்டவில்லை? எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறது, 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு தோல் போர்த்திக்கொள்கிறது. சில நானோமீட்டர்தான் தடிமன், கண்ணுக்குத் தெரியாது. துருப்பிடிக்காமல் காப்பது அந்தத் தோல்தான், சால்டரைக் கிட்டே சேர்க்காததும் அதேதான். செம்பிலும் ஆக்சைடு உண்டு, ஆனால் அதைக் குழாய் வேலைக்கான சாதாரண பேஸ்ட் ஃப்ளக்ஸே (பற்றவைக்கும் முன் ஆக்சைடை நீக்கப் பூசும் பொருள்) கரைத்துவிடும். குரோமியம் ஆக்சைடு அந்த பேஸ்டுக்கெல்லாம் அசைந்துகொடுக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போய்விடுமே என்றால், போகும், ஆனால் கையை எடுத்த அடுத்த கணம் காற்று பட்டுப் புதுத் தோல் வந்துவிடும். நான் முதல் தடவை பயன்படுத்தியது அந்தச் செம்புக்கான பேஸ்ட்தான். அதனால்தான் சால்டர் செம்பைப் பிடித்துக்கொண்டு, எவர்சில்வரின் கோடுகளை வெறும் அச்சாக எடுத்துக்கொண்டு வந்தது.

தட்டார் பட்டறையிலிருந்து 'பொடி வைத்து ஊதுவது' என்று ஒரு பேச்சு நமக்கு வந்திருக்கிறது. பற்றவைப்பில் பாதி உயிர் அந்தப் பொடியில்தான் இருக்கிறது, அதாவது ஃப்ளக்ஸில். ஆனால் தங்க வேலைக்கான வெங்காரம் (போராக்ஸ்) இங்கே உதவாது. நீர் வற்றிய வெங்காரம் உருகவே 740 டிகிரிக்கு மேல் வேண்டும், நம் சால்டர் 230 டிகிரிக்குள் உருகி ஓடிவிடும். எவர்சில்வருக்கென்று விற்கும் திரவ ஃப்ளக்ஸ்தான் வேண்டும், அதில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று துத்தநாக குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்தது, சிலவற்றில் நவச்சாரமும் இருக்கும். இன்னொன்று பாஸ்பாரிக் அமிலம். குளோரைடு வகை முரட்டுத்தனமாக வேலை செய்யும், எந்த எவர்சில்வரையும் பணியவைக்கும், ஆனால் மிச்சம் எங்காவது தங்கினால் அதே எவர்சில்வரில் ஊசி குத்திய மாதிரி குழி குழியாக அரிக்கும். பாஸ்பாரிக் அமிலம் கொஞ்சம் மெதுவானது, சூடு மீறினால் கருகிப் பயனற்றுப் போகும், ஆனால் கழுவினால் போய்விடும். குடிக்கவோ பூசவோ போகும் ஒன்றை வடிக்கும் கருவிக்கு நான் பாஸ்பாரிக்கைத்தான் எடுப்பேன். இரண்டிலும் கண்ணாடியும் கையுறையும் போடாமல் வேலை செய்யக் கூடாது. சூட்டில் தெறிக்கும், புகை மூக்கைக் கிழிக்கும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

சால்டரைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தில் நான் யாரோடும் விட்டுக்கொடுக்க மாட்டேன். காரீயம் உள்ள சால்டர் வாலைப் பக்கமே வரக் கூடாது. எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வைத்திருக்கும் 60/40 கம்பியில் 40 சதவீதம் காரீயம். 'கொஞ்சூண்டுதானே, உள்ளே படாதே' என்பார்கள். படும். சூடான ஆவியும் அமிலம் கலந்த வடிநீரும் அந்த இடத்தை நாள்தோறும் கழுவிக்கொண்டே இருக்கும். உடம்பில் சேர்ந்த காரீயம் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், சீக்கிரத்தில் வெளியே வராது. அதற்குப் பதில் வெள்ளீயமும் வெள்ளியும் கலந்த சால்டர் இருக்கிறது, 96க்கு 4 என்ற அளவில். 221 டிகிரியில் உருக ஆரம்பித்து 230க்குள் தண்ணீராகிவிடும். வலுவும் அதிகம், எவர்சில்வர்மேல் ஓடுவதும் நன்றாக இருக்கும். விலை கூட, ஆனால் ஒரு வாலைக்கு எவ்வளவு தேவைப்படப் போகிறது.

இப்போது அந்த ஈயம் பூசும் வேலை. ஃபிட்டிங்கைத் தனியாக எடுத்து, குழாய் உட்காரும் உள்வளையத்தைப் புது உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். 120 அல்லது 180 நம்பர் போதும், பளபளப்பு போய் மங்கலாக, கோடு கோடாகத் தெரிய வேண்டும். ஏற்கெனவே இரும்பைத் தேய்த்த தாளோ, இரும்புக் கம்பி பிரஷ்ஷோ கூடாது; இரும்புத் துகள் எவர்சில்வருக்குள் குத்தி நின்று பின்னால் துருவாக வரும். தேய்த்ததும் எண்ணெய்ப் பிசுக்குப் போக அசிட்டோனில் துடைத்து, அது காய்ந்த கையோடு ஃப்ளக்ஸைத் தடவிவிட வேண்டும். நடுவில் போய் டீ குடித்துவிட்டு வரக் கூடாது. அசிட்டோன் பாட்டிலை மூடித் தூரமாக வைத்த பிறகுதான் டார்ச்சைப் பற்றவைக்க வேண்டும்.

அப்புறம் நெருப்பு. இங்கேதான் எவர்சில்வரின் இன்னொரு குணம் தெரியும். செம்பில் ஓரிடத்தில் சுட்டால் நொடியில் எல்லா இடமும் சுடும். எவர்சில்வரில் இந்தப் பக்கம் நிறம் மாறிக்கொண்டிருக்கும், அந்தப் பக்கம் சால்டரே உருகாது. அதனால் டார்ச்சைச் சின்னதாக வைத்து, ஃப்ளக்ஸ் இல்லாத வெளிப்புறத்தில், ஓரிடத்திலும் நிற்காமல் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். ஃப்ளக்ஸ்மேல் நெருப்பு நேராகப் படவே கூடாது. எவர்சில்வரே தன் சூட்டை நிறத்தில் சொல்லிவிடும்: 300 டிகிரியை ஒட்டி இளமஞ்சள், 400 பக்கம் பழுப்பு, 450இல் ஊதா, 540ஐத் தொட்டால் நீலம். இளமஞ்சள் வந்ததுமே நீங்கள் அளவைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த நிறம் என்பதே தடித்துப்போன ஆக்சைடுதான். அதன்மேல் எவ்வளவு ஃப்ளக்ஸ் ஊற்றினாலும் பயன் இல்லை, ஆறவிட்டு மறுபடி உப்புத்தாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். நான் அப்படி மூன்று தடவை ஆரம்பித்திருக்கிறேன், ஒரே ஃபிட்டிங்கில்.

ஃப்ளக்ஸ் கொதித்து, நீர் வற்றி, பாகு மாதிரி ஆகும் நேரத்தில் சால்டர் கம்பியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். முதலில் ஒரு துளி உருகி உருண்டையாக நிற்கும். தாமரை இலைத் தண்ணீர் என்பார்களே, அச்சு அசல் அதுதான். சாய்த்தால் உருளும், தொட்டால் நகரும், எங்கும் பிடிக்காது. இந்த நேரத்தில் அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டத்தான் கை போகும். கூட்டக் கூடாது. அதே சூட்டில் வைத்துக்கொண்டு, ஒரு எவர்சில்வர் கம்பியின் நுனியால் அந்த உருண்டைக்கு அடியில் சுரண்டிக்கொடுக்க வேண்டும், ஃப்ளக்ஸும் சால்டரும் மூடியிருக்கும்போதே, காற்றுக்கு இடம் தராமல். இரண்டு சுரண்டல், மூன்று சுரண்டல். நாலாவதில் உருண்டையின் ஓரம் திடீரென்று தட்டையாகும். கூர்மையான கரை மறைந்து, எண்ணெய் காகிதத்தில் ஊறுவதுபோல், வெள்ளி நிறம் தானாகவே முன்னே நகர ஆரம்பிக்கும். ஓரிடத்தில் பிடித்துவிட்டால் போதும், அந்த விளிம்பையே கம்பியால் தள்ளிக்கொண்டு போனால் வளையம் முழுக்கப் பரவிவிடும். இதை நான் எத்தனை தடவை பார்த்திருந்தாலும் அந்தக் கரை உடையும் கணத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்கிறேன்.

பரவியதும், சூடு இருக்கும்போதே, ஈரப் பருத்தித் துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்துவிட வேண்டும். 'ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும்' என்று பழமொழி இருக்கிறதே, இந்த வேலைக்கு அது சொல்லுக்குச் சொல் பொருந்தும். வளையம் முழுக்க வெள்ளி நிறமாக இருக்க வேண்டும், ஆனால் குழாய் முன்பு போலவே உள்ளே நுழைய வேண்டும். எங்காவது ஒரு புள்ளி எவர்சில்வராகவே தெரிந்தால், அந்தப் புள்ளிதான் பின்னால் கசியப் போகும் இடம். மறுபடி ஃப்ளக்ஸ் வைத்து அதையும் மூடிவிட்டுத்தான் அடுத்த வேலை. ஈயம் பூசி முடித்த பிறகு அந்த ஃபிட்டிங் எவர்சில்வர் ஃபிட்டிங்கே இல்லை. சால்டரைப் பொறுத்தவரை அது இன்னொரு ஈயம்தான்.

இதற்குப் பிறகு ஒட்டும் வேலை சுலபம். செம்புக் குழாயின் நுனியைத் தேய்த்து, அதிலும் மெல்லியதாக ஈயம் பூசி, இரண்டிலும் கொஞ்சம் ஃப்ளக்ஸ் தடவிச் செருக வேண்டும். இடைவெளி 0.1 மி.மீ. அளவில் இருந்தால் சால்டர் தானே உள்ளே ஏறிக்கொள்ளும், தொளதொளவென்று இருந்தால் ஏறாமல் வழியும். நெருப்பைப் பெரும்பாலும் செம்பின்மேல்தான் காட்ட வேண்டும். செம்பு சூட்டை வளையம் முழுக்க ஒரே சீராக எடுத்துக்கொண்டுபோய்க் கொடுக்கும், எவர்சில்வருக்குத் தேவையானது உள்ளிருந்தே கிடைத்துவிடும். குழாய் மெல்ல உள்ளே இறங்கி உட்காருவது கைக்குத் தெரியும். அப்போது கம்பியை ஒரு சுற்றுத் தொட்டு, நெருப்பை எடுத்துவிட்டு, அசைக்காமல் விட வேண்டும். தண்ணீர் ஊற்றி ஆறவைக்கக் கூடாது, உறையும் நேரத்தில் அசைந்தால் உள்ளே விரிசல் விடும்.

மெல்லிய தகட்டில், உதாரணத்துக்குப் பாத்திரத்தின் மூடியில், வெறுமனே ஓட்டை போட்டுக் குழாயைச் செருகிப் பற்றவைப்பவர்களைப் பார்க்கிறேன். ஒரு மி.மீ. தகட்டின் விளிம்பு எவ்வளவு சால்டரைத் தாங்கும்? குறைந்தது மெல்லிய சுவரின் தடிமனைப்போல் மூன்று மடங்காவது ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும். ஓட்டையைச் சின்னதாகப் போட்டு, அதைவிடப் பெரிய உருளை ஒன்றைப் போல்ட்டால் இழுத்து வெளியே கொண்டுவந்தால், தகடு ஒரு சின்னக் கழுத்துபோல் எழும்பி நிற்கும். அந்தக் கழுத்துக்குள் பற்றவைத்தால் உறுதி. எவர்சில்வரில் துளையிடும்போது வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டி, எண்ணெய் விட்டுக்கொண்டே போட வேண்டும். வேகமாகச் சுற்றினால் இடம் இறுகிப்போய் டிரில் பிட்டைத்தான் தின்னும்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் யோசிப்பதில்லை. சால்டர் 221 டிகிரியில்தான் உருகும், ஆவி 100 டிகிரிதான், ஆக நிறைய இடைவெளி இருக்கிறது என்று தோன்றும். உருகாது, சரிதான். ஆனால் தனிச்சுழி வெப்பநிலையிலிருந்து, அதாவது மைனஸ் 273 டிகிரியிலிருந்து கணக்குப் பார்த்தால் 100 டிகிரி என்பது 373 கெல்வின், உருகுநிலை 494 கெல்வின். அதாவது உருகுவதற்கான சூட்டில் முக்கால் பங்கில் அந்த ஜாயின்ட் மணிக்கணக்காக நிற்கிறது. அந்தச் சூட்டில் சால்டர் பாரத்தைத் தாங்கினால் கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல இழுபடும். ஒரு மீட்டர் செம்புச் சுருளும் அதற்குள் தண்ணீரும் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தால் சில மாதத்தில் கசிய ஆரம்பிக்கும். சுருளுக்குத் தனியாக ஒரு தாங்கி வைத்துவிடுங்கள். ஜாயின்ட்டின் வேலை அடைப்பது மட்டும்தான், சுமப்பது இல்லை. அதேபோல் அடுப்புக்குப் பக்கத்திலோ ஹீட்டர் கம்பிக்குப் பக்கத்திலோ சால்டர் ஜாயின்ட் வைக்கவே வேண்டாம். பாத்திரம் வற்றிப்போனால் 221 டிகிரி என்பது சில நிமிட விஷயம்.

அந்த மாதிரி இடத்துக்கு வெள்ளிப் பற்றவைப்பு இருக்கிறது, 600 டிகிரிக்கு மேல் போகும் பிரேசிங். 56 சதவீதம் வெள்ளி உள்ள கம்பி 650 டிகிரியில் நன்றாக ஓடும், எவர்சில்வருக்கென்று வரும் கறுப்பு நிற ஃப்ளக்ஸ் போட வேண்டும். வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். கேட்மியம் கலந்த கம்பி வேண்டவே வேண்டாம், அதன் புகை நுரையீரலை நாசமாக்கும், ஆளையே கொன்றுவிடும். குளிர்சாதன வேலைக்காரர்கள் பயன்படுத்தும் பாஸ்பரஸ் கலந்த செம்புக் கம்பியும் வேண்டாம். செம்போடு செம்புக்கு அது அருமையான பொருள், ஆனால் எவர்சில்வரிலுள்ள இரும்போடு பாஸ்பரஸ் சேர்ந்து கண்ணாடி மாதிரி நொறுங்கும் படலத்தை உண்டாக்கும். பார்க்கப் பிடித்த மாதிரியே இருக்கும், தட்டினால் விட்டுவிடும்.

கழுவும் வேலையை அன்றைக்கே முடிக்க வேண்டும். வெந்நீர், பிரஷ், அப்புறம் சமையல் சோடா கரைத்த தண்ணீர், மறுபடி வெந்நீர். நான் ஒரு தடவை ராத்திரி ஆகிவிட்டதென்று அப்படியே வைத்துவிட்டேன். காலையில் செம்பில் பச்சையும் எவர்சில்வரில் பழுப்புப் புள்ளிகளும் பூத்திருந்தன. குளோரைடு ஃப்ளக்ஸ் அது. தேய்த்து எடுத்தாலும் புள்ளி இருந்த இடத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் குழி தெரிகிறது. சோதனைக்கு, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் ரப்பர் குழாய் மாட்டி வாயால் ஊதி, ஜாயின்ட்மேல் சோப்பு நீர் தடவினால் போதும், கம்ப்ரஸர் எல்லாம் வேண்டாம். வாலை என்பது மூடிய கலம் இல்லை, ஆவி போகும் வழி எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். நடுவில் வால்வு வைப்பவர்கள் வெடிகுண்டு செய்கிறார்கள். பிறகு வினிகர் கலந்த தண்ணீரை ஒரு தடவையும், வெறும் தண்ணீரை இரண்டு தடவையும் கொதிக்கவைத்து, வடிந்ததை எல்லாம் கொட்டிவிட வேண்டும்.

சரியாக வந்த ஒரு ஜாயின்ட்டை, நன்றாக இருக்கும்போதே, ரம்பத்தால் நெடுக்காக அறுத்துப் பார்த்தேன். வீண் வேலை என்று தோன்றலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெட்டுமுகத்தை மெல்லிய தாளில் தேய்த்து லென்ஸ் வைத்தால், ஒரு பக்கம் சிவந்த செம்பு, மறுபக்கம் சாம்பல் நிற எவர்சில்வர், நடுவில் தலைமுடி அளவில் ஒரு வெள்ளைக் கோடு, மேலிருந்து கீழ்வரை எங்கும் அறுபடாமல். ஒரே ஓரிடத்தில் மட்டும் குண்டூசி முனையளவு ஒரு கறுப்புப் புள்ளி, ஃப்ளக்ஸ் வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொண்டது. அந்த இடத்தில் நான் கம்பியை இரண்டு பக்கத்திலிருந்தும் தொட்டிருந்தேன். இப்போதெல்லாம் ஒரு பக்கத்தில் தொட்டு, சால்டர் சுற்றிக்கொண்டு மறுபக்கம் எட்டிப்பார்க்கும் வரை காத்திருக்கிறேன். அடுத்து வெப்பமானிக்கான குழலை மூடியில் வைக்க வேண்டும். ஃபிட்டிங்குக்கு நேற்றே ஈயம் பூசி, கழுவி, துணியில் சுற்றி வைத்துவிட்டேன்.